வாசலில் தண்ணிப் போத்தலைப் பிடுங்கினால்: மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு ஒரு முழுமையான சட்ட வழிகாட்டி

வெபர் மைதானத்தில் இசை நிகழ்ச்சி, கல்லடிக் கடற்கரையில் களியாட்ட விழா, கல்முனையில் கிரிக்கெட் இறுதிப் போட்டி, அறுகம்குடாவில் சீசன் காலத்து இரவு நிகழ்ச்சி. எங்கே போனாலும் வாசலில் ஒரு மேசை, பை திறந்து பார்க்கும் இரண்டு பேர், பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணிப் போத்தல், பிள்ளைக்கு வாங்கிய ஜூஸ், உடைக்காத சோடா எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். உள்ளே போனால் அதே தண்ணி வேறு விலை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணி மாதங்களில் மட்டக்களப்பில் நாலு மணி நேரம் திறந்த வெளியில் தண்ணி இல்லாமல் இருப்பது சின்ன விசயம் இல்லை. வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அல்லது காவலாளியோடு சண்டை பிடித்துக் குடும்பத்தின் முழு மாலையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அதை ஒரே வரியில் சொல்லலாம்: உங்களை உள்ளே விட மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, உங்கள் பொருளை எடுத்துக்கொள்ள உரிமை இல்லை. கீழே வரும் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவைதான்.

படி 1: ரிக்கெட் வாங்கும்போதே பாருங்கள்

பிரச்சினை வாசலில் வெடித்தாலும் அதன் வேர் ரிக்கெட்டில் இருக்கிறது. ரிக்கெட் என்பது ஒரு ஒப்பந்தம். காசு கொடுத்தீர்கள், உள்ளே விடுவோம் என்றார்கள். அந்த ஒப்பந்தத்துக்கு நிபந்தனை போடலாம், “வெளி உணவு, பானம் கொண்டுவரக் கூடாது” என்றும் போடலாம். ஆனால் நிபந்தனை உங்களைக் கட்ட வேண்டுமென்றால், காசு கொடுக்கும் முன்போ கொடுக்கும் நேரத்திலோ அது உங்களுக்குத் தெரியக்கூடிய விதத்தில் இருந்திருக்க வேண்டும். நோட்டீசில், ரிக்கெட்டின் முன்பக்கத்தில், ஒன்லைனில் வாங்கினால் அந்தப் பக்கத்தில், விற்கிற கவுண்டரின் பலகையில் என்று எங்காவது இருந்தால் அது போதும். ரிக்கெட்டை வாங்கி இரண்டு வாரம் கழித்து வாசலில் மட்டும் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தால், அது உங்கள் ஒப்பந்தத்தின் பகுதி என்று சொல்வது கடினம்.

ஆகவே ரிக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நோட்டீசையும் எடுங்கள். வாசலில் ரிக்கெட்டைக் கிழித்து வாங்கிக்கொள்வார்கள், பிறகு உங்களிடம் ஒன்றும் இருக்காது. காசு வாங்கி நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்குக் களியாட்ட வரி இருப்பதால், வழமையாக ரிக்கெட்டில் மாநகர சபையின், நகர சபையின் அல்லது பிரதேச சபையின் முத்திரை இருக்கும். அந்த முத்திரையும் படத்தில் தெளிவாக விழட்டும். எந்தச் சபையிடம் முறையிடுவது என்பதற்கு அதுவே விலாசம்.

ஒரு விசயம் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு “தியேட்டரில் இலவசத் தண்ணி கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது” என்று நம்மவர்கள் வாசலில் வாதாடுவதுண்டு. அது இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிதண்ணி இலவசமாக இருக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்புத்தான், ஆனால் இலங்கை நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. நியாயமாகக் கேட்பதற்கு உதாரணமாகச் சொல்லலாம், உரிமை என்று சொல்லிச் சண்டை பிடிக்க முடியாது.

படி 2: வாசலில் நிற்பவர் யார் என்று அறிந்துகொள்ளுங்கள்

இதைத்தான் ஆட்கள் கவனிப்பதே இல்லை. ஆனால் இதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

சீருடை போட்டவர் எல்லாம் பொலிஸ் இல்லை. தனியார் பாதுகாப்புச் சேவை நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்தப் பதிவு நிறுவனம் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே, அது காவலாளிக்குப் பொலிஸ் அதிகாரத்தைத் தருவதில்லை. சட்டப்படி அவர் உங்களையும் என்னையும் போல ஒரு தனிநபர்தான். மைதானத்தை வாடகைக்கு எடுத்தவரின் சார்பில் “உள்ளே வர வேண்டாம்” என்று சொல்லலாம். உங்கள் சம்மதத்தோடு பையைப் பார்க்கலாம். சம்மதிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். அவ்வளவுதான். சம்மதம் இல்லாமல் பைக்குள் கைவிட, உடம்பைத் தடவ, பொருளைப் பறிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

கைது? தன் கண் முன்னால், பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றைச் செய்பவரை எந்தத் தனிநபரும் பிடித்து, தாமதிக்காமல் பொலிசிடம் ஒப்படைக்கலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு சொல்கிறது. பையில் தண்ணிப் போத்தல் வைத்திருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. ஆகவே “நில்லு, பொலிஸ் வரும் வரைக்கும் போக ஏலாது” என்று போத்தலுக்காக ஒருவரை மறித்து வைத்தால், மறித்தவர்தான் தண்டனைச் சட்டக்கோவையின் 330ஆம் பிரிவுக்குள் விழுகிறார். போகும் உரிமையுள்ள ஒருவரைப் போக விடாமல் தடுப்பது அங்கே குற்றம்.

பெண்களைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மரியாதையாக. பொலிசுக்கே சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெண் காவலாளி இல்லாத வாசலில் “பெண் ஒருவரைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பையை மட்டும் நானே திறந்து காட்டுகிறேன்” என்று சொல்லத் தயங்க வேண்டாம். சோதனை என்ற பெயரில் கை வேறு பக்கம் போனால் அது 345ஆம் பிரிவின் கீழ் பாலியல் தொந்தரவு. அதைப் போத்தல் பிரச்சினையோடு சேர்த்துக் குழப்பாமல் உடனே பொலிசுக்குப் போங்கள்.

நிற்பவர் உண்மையான பொலிஸ் உத்தியோகத்தர் என்றால் கதை வேறு. குற்றச் சந்தேகம் இருந்தால் சோதிக்கவும் கைப்பற்றவும் அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அவர் கைப்பற்றியது ஒரு வழக்குக்கான பொருளாக மாறுகிறது, அது பதியப்பட வேண்டும், நீதவானுக்கு அறிக்கையிடப்பட வேண்டும். பொலிசுக்கும் “சும்மா எடுத்து வைத்துக்கொள்வது” என்று ஒன்று கிடையாது. பெயர், நிலையம், சீருடை இலக்கம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பை பார்ப்பதையே அவமானமாக எடுக்க வேண்டாம் என்பதும் என் எண்ணம். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் இது. சனம் கூடுகிற இடத்தில் பையைத் திறந்து காட்டச் சொல்வது நியாயம். கண்ணாடிப் போத்தல் வேண்டாம் என்பதும் நியாயம். பாதுகாப்புக்காகப் பார்ப்பது ஒன்று, உள்ளே கடை போட்டவருக்கு வியாபாரம் பிடித்துக்கொடுப்பது இன்னொன்று. சட்டம் பிரிப்பது போல நாமும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 3: வாசலில் என்ன பேசுவது

முதலில் மூன்று வழிகள் உங்களுக்கு இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். போத்தலோடு திரும்பிப் போகலாம், வெளியே வைத்துவிட்டு வரலாம், அங்கேயே குடித்து முடிக்கலாம். நாலாவது வழியை, அதாவது “எங்களிடம் கொடு” என்பதை, அவர்கள் உங்கள் மேல் திணிக்க முடியாது. நீங்கள் விரும்பினால் மட்டுமே அது நடக்கும்.

வாசலில் நிற்பது பெரும்பாலும் ஒரு நாள் சம்பளத்துக்கு வந்த பொடியன். விதியை அவர் எழுதவில்லை. இப்படிப் பேசினால் பெரும்பாலும் காரியம் முடியும்:

“தம்பி, உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது எண்டா சரி. நான் இதைக் குடுக்கயில்ல, எறியவும் இல்ல. மோட்டார் சைக்கிள்ள வைச்சிட்டு வாறன். திரும்பி வந்தா லைன்ல நிக்காம விடுவீங்களா?”

“இல்லண்ணே, இஞ்ச வைச்சிட்டுப் போங்க, போகக்குள்ள எடுக்கலாம்.”

“அப்ப ஒரு டோக்கன் தாங்க, இல்லாட்டி போத்தல்ல என்ட பேர எழுதி வைங்க. உங்கட மேலதிகாரி ஆரு?”

இந்தச் சின்னப் பேச்சில் மூன்று காரியம் நடந்துவிட்டது. நீங்கள் போத்தலைக் கைவிடவில்லை என்று சாட்சிகள் முன் சொல்லிவிட்டீர்கள். திருப்பித் தருவதாக அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பொறுப்பானவர் யார் என்று கேட்டுவிட்டீர்கள். குரலை உயர்த்தாமல், கூட வந்தவர் ஒருவர் போனில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. வெளிவாசலில், தெருவோரத்தில் நடப்பதைப் பதிவு செய்ததற்காக உங்கள் போனைப் பறிக்கக் காவலாளிக்கு அதிகாரம் இல்லை. பதிவை முறைப்பாட்டுக்கு மட்டும் வையுங்கள். அந்தப் பொடியனின் முகத்தோடு முகநூலில் போட்டுத் திட்டுவது அவருக்கும் அநியாயம், 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குப் பிறகு உங்களுக்கும் தேவையற்ற தலையிடி.

மருந்து குடிக்கத் தண்ணி வேண்டிய நீரிழிவு நோயாளி, பால் போத்தலோடு வந்த தாய், நோன்பு காலத்தில் மஃரிப் நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் தண்ணியும் கொண்டுவந்த காத்தான்குடி, சாய்ந்தமருது ஆட்கள் ஆகியோர் வரிசையில் நிற்கும்போதே காரணத்தைச் சொல்லி மேலதிகாரியைக் கேளுங்கள். மருந்துச் சிட்டையின் படம் ஒன்று போனில் இருந்தால் பேச்சு சுருங்கும். இது சட்டப்படி பெறும் சலுகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்பாட்டாளர் எவரும் மயங்கி விழுந்த நோயாளிக்குப் பொறுப்பேற்க விரும்பமாட்டார், அதனால் பெரும்பாலும் வழி விடுவார்கள்.

படி 4: போத்தல் போய்விட்டது. சட்டத்தின் பார்வையில் என்ன நடந்தது?

ஒரே போத்தல், ஒரே பெட்டி. ஆனால் அது பெட்டிக்குள் போன விதத்தைப் பொறுத்துச் சட்டம் நாலு விதமாகப் பார்க்கும். உங்களுக்கு நடந்தது எது என்று தெரிந்த பிறகே எங்கே போவது என்று முடிவு செய்யலாம்.

ஒன்று, “எறிந்துவிட்டு வா, இல்லையென்றால் போ” என்றார்கள், நீங்களே எறிந்தீர்கள். மனக்கசப்பு இருக்கும், ஆனால் குற்றம் எதுவும் இல்லை. உங்களிடம் தெரிவு இருந்தது, நீங்கள் பொருளைக் கைவிட்டீர்கள். நிபந்தனை முன்கூட்டியே சொல்லப்படாமல் இருந்திருந்தால் மட்டும் ஏற்பாட்டாளரிடம் கேள்வி கேட்க இடம் உண்டு.

இரண்டு, “இங்கே வைத்துவிட்டுப் போ, பிறகு எடுக்கலாம்” என்றார்கள், வைத்தீர்கள், திரும்பி வரும்போது இல்லை. நம் நாட்டின் உரோம-டச்சுச் சட்டத்தில் இது ஒப்படைப்பு. காசு வாங்காமல் பாதுகாக்க ஏற்றுக்கொண்டாலும் கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. “பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்ற பலகையைக் காட்டி உடனே தப்பிக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், தன் கவனயீனத்தால் வந்த இழப்புக்கு ஒருவர் கைகழுவ நினைத்தால் அந்த நிபந்தனை நியாயமானதா என்று பார்க்கச் சொல்கிறது. நூறு ரூபாய்த் தண்ணிப் போத்தலுக்கு யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய ஸ்டீல் பிளாஸ்க் என்றால் போகலாம். பிள்ளைகளின் பாடசாலைப் போத்தல்களும் இப்போது மலிவாக இல்லை.

மூன்று, நீங்கள் “தரமாட்டேன், திரும்பிப் போகிறேன்” என்று சொன்ன பிறகும் கையிலிருந்து பறித்தார்கள். இது கடுமையானது. ஒருவரின் கைவசம் உள்ள அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு களவு என்கிறது. பொருளின் விலை சிறியது என்பதால் களவு களவில்லாமல் போவதில்லை. நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதுதான் வாதம். “விதியைத்தான் செய்தேன்” என்று காவலாளி சொல்வார். அதனாலேயே, திரும்பிப் போகத் தயார் என்று நீங்கள் சத்தமாகச் சொல்லியிருப்பது முக்கியம். திரும்பிப் போகிறவரிடம் பொருளைப் பறிக்க எந்த விதியும் காரணமாகாது. பறிக்கும்போது தள்ளினால், கையை முறுக்கினால், அது தனியாக இன்னொரு குற்றம்.

நாலு, பெட்டிக்குப் போன உடைக்காத போத்தல்கள் பின்னர் கடையில் விற்பனைக்கு வருவது, அல்லது காவலாளிகள் பங்கிட்டுக் கொள்வது. இதை மட்டும் லேசாக எடுக்க வேண்டாம். திருப்பித் தர வேண்டிய பொருளைத் தன்னுடையது போல் பாவிப்பதும் விற்பதும் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வருகிற காரியம். வீட்டிலேயே மூடியில் ஒரு சின்ன அடையாளம் போட்டு வைத்தவர்களுக்கு இதை நிரூபிப்பது எளிது.

படி 5: மதுபானம் என்றால் வேறு கணக்கு

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன். கசிப்பு என்றால் திருப்பிக் கேட்கவே வேண்டாம். அதை வைத்திருப்பதே குற்றம், கேட்கப் போனவர்தான் உள்ளே போவார். அனுமதி பெற்ற கடையில் சட்டப்படி வாங்கிய சாராயம், பியர் என்றால், அது உங்கள் சொத்து. காவலாளி உங்களைத் தடுக்கலாம், போத்தலை எடுக்க முடியாது என்ற அதே விதிதான். ஆனால் பொலிசும் மதுவரித் திணைக்கள உத்தியோகத்தரும் தலையிடும் அதிகாரம் இங்கே அதிகம். பொது இடத்தில் வெறியில் குழப்படி செய்வதும் தண்டனைக்குரியது. 2006ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது, ஆகவே பொடியன்மார் கையில் போத்தல் இருந்தால் கேள்வி கடைக்காரர் வரைக்கும் போகும். குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிற இடத்துக்கு மதுவைக் கொண்டு போகாமல் இருப்பதே என் கருத்து.

படி 6: உள்ளே விலை

வெளிப் போத்தலைத் தடுத்துவிட்டு உள்ளே இரட்டை விலை. இங்கேதான் உங்கள் கையில் உண்மையான பலம் இருக்கிறது, ஏனென்றால் இது கருத்து வேறுபாடு இல்லை, நேரடிச் சட்டமீறல்.

போத்தலில் அடைத்த தண்ணிக்கு அரசாங்கம் அதிகபட்சச் சில்லறை விலை நிர்ணயித்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் 70 ரூபாய், 1 லீற்றர் 100 ரூபாய். வாங்கும் முன் வர்த்தமானியில் அப்போதைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மைதானம், தியேட்டர், கடற்கரை என்று எந்த இடமானாலும் அதைத் தாண்ட முடியாது. “கூலிங்குக்குத் தனிக் காசு” என்று சேர்த்தாலும் தாண்டக் கூடாது. சோடா, ஜூஸ் போன்றவற்றில் போத்தலில் அச்சிட்ட விலையைவிடக் கூட்டி விற்கக் கூடாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, நிர்ணய விலையை மீறுகிற தனிநபருக்குக் குறைந்தது 1 இலட்சம் ரூபாய், கம்பனிக்குக் குறைந்தது 5 இலட்சம் ரூபாய் தண்டம். இந்தத் தொகையைக் கேட்டாலே பல கடைக்காரர் உடனே சரியான விலைக்கு வந்துவிடுவார்.

விலைப் பட்டியல் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டும். தர மறுத்தால் அதுவும் முறைப்பாட்டுக்குரியதே. வெற்றுப் போத்தலை எறிய வேண்டாம், விலை அச்சிட்ட பக்கத்தைப் படம் எடுங்கள், கடையின் பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுங்கள். காலாவதியான ஜூஸ், முத்திரை கிழிந்த போத்தல் கிடைத்தால் அது பொது சுகாதாரப் பரிசோதகரின் வேலை. பெரிய விழா என்றால் அவர் பெரும்பாலும் அருகிலேயே இருப்பார்.

படி 7: எங்கே முறையிடுவது

முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுத்தில். வட்ஸ்அப் செய்தி கூடப் போதும். நடந்ததைச் சொல்லி, போத்தலை அல்லது அதன் விலையைக் கேளுங்கள். நிபந்தனை முன்பே சொல்லப்படாமல் உங்களை உள்ளேயே விடவில்லை என்றால் ரிக்கெட் காசைக் கேளுங்கள். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். பல பிரச்சினைகள் இதோடு முடியும், ஏனென்றால் அடுத்த வருட நிகழ்ச்சிக்கு அவர்களுக்கும் உங்கள் சனம் வேண்டும்.

முடியவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தவறாக வழிநடத்தும் வியாபாரத்தையும் 31ஆம் பிரிவு பொய்யான வாக்குறுதிகளையும் தடுக்கிறது. “குடும்பத்தோடு வாருங்கள், எல்லா வசதியும் உண்டு” என்று நோட்டீஸ் அடித்துவிட்டு உள்ளே குடிதண்ணியே இல்லாமல் வைத்தால் இந்தப் பிரிவுகளைக் காட்டிக் கேட்கலாம். அழைப்பு இலக்கம் 1977. மாவட்ட அலுவலகம் எங்கே என்று கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்டால் காட்டுவார்கள். ஒரு விசயத்தை மறக்க வேண்டாம்: பொருள் அல்லது சேவை தொடர்பான முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை:

“… ஆம் திகதி … மைதானத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு … ரூபாய் கொடுத்து ரிக்கெட் வாங்கினேன். வெளிப் பானத்துக்குத் தடை என்று ரிக்கெட்டிலோ நோட்டீசிலோ இருக்கவில்லை. வாசலில் என் சம்மதமின்றி … பெறுமதியான போத்தல் எடுக்கப்பட்டது, திருப்பித் தரப்படவில்லை. உள்ளே 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தல் … ரூபாய்க்கு விற்கப்பட்டது. ரிக்கெட், போத்தல், பற்றுச்சீட்டு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். விசாரித்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

பறித்தது, தள்ளியது, மறித்து வைத்தது என்றால் பொலிஸ். அன்றே, முடிந்தால் அங்கிருந்தே 119க்கு அழையுங்கள், பிறகு அருகிலுள்ள நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, பதிவு இலக்கத்தை வாங்குங்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையொப்பம் வையுங்கள். விளங்காத மொழியில் எழுதியிருந்தால் கையொப்பம் வைக்கவே வேண்டாம். அம்பாறை நகரப் பக்கம் இதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மொழி தொடர்பான முறைப்பாட்டுக்கு 1956 என்ற இலக்கம் இருக்கிறது.

தொகை சிறியது, ஆனால் மனம் ஆறவில்லை என்றால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது. காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் கூடுவார்கள். ஏற்பாட்டாளரும் உள்ளூர்க்காரர் என்றால் இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்திப் பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. பிளாஸ்க் ஒன்றின் விலையை வாங்க நீதிமன்றம் ஏறி இறங்குவதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். காயம், கைது, அவமானம் வரை போயிருந்தால் மட்டும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி கிடைக்கும்.

படி 8: ஒரு சமூகத்தாருக்கு மட்டும் விதி என்றால்

இதைத் தனிப் படியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று இனமும் நாலு மதமும் சேர்ந்து வாழ்கிற மாவட்டங்கள் இவை. ஒரு வாசலில் எல்லாருடைய போத்தலையும் எடுத்தால் அது விதி. முக்காடு போட்டவர்களின் பையை மட்டும் கொட்டிப் பார்த்தால், தமிழில் பேசுகிறவரின் போத்தலை மட்டும் எடுத்தால், அது விதி இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி இதை நேராகவே சொல்கிறது: இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களுக்காக ஒருவர் கடைகளுக்கோ பொது உணவகங்களுக்கோ ஹோட்டல்களுக்கோ பொதுக் களியாட்ட இடங்களுக்கோ போவதில் தடையோ நிபந்தனையோ போடக் கூடாது. களியாட்ட இடம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

இதில் பொலிசோ உள்ளூராட்சி சபை ஊழியரோ வேறு அரச அதிகாரியோ சம்பந்தப்பட்டிருந்தால், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம். கால எல்லை ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, அழைப்பு இலக்கம் 1996. முழுக்கத் தனியார் இடம், தனியார் காவலாளி என்றால் இந்த மனு வழி நேராகப் பொருந்தாது. அப்போதும் ஆணைக்குழுவில் போய்ப் பேசுங்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வார்கள்.

படி 9: அடுத்த நிகழ்ச்சிக்கு முன் கேளுங்கள்

நம் ஊரில் பெரிய நிகழ்ச்சிகள் பலவும் பொது மைதானங்களில்தான் நடக்கின்றன. அந்த மைதானம் நம்முடையது, சபை அதை வாடகைக்குக் கொடுக்கிறது. என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள், குடிதண்ணி பற்றி ஏதும் இருக்கிறதா, கடைகளை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். விளையாட்டுக் கழகமோ ஊர் இளைஞர் மன்றமோ ஒருமுறை இப்படிக் கேட்டுவிட்டால், அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் “இலவசக் குடிதண்ணித் தாங்கி வைக்க வேண்டும்” என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மாநகர ஆணையாளரிடமோ பிரதேச சபைச் செயலாளரிடமோ மனுக் கொடுப்பது எளிதாகும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கும் சொல்கிறேன். கண்ணாடியைத் தடுங்கள், மதுவைத் தடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிளாஸ்டிக் தண்ணிப் போத்தலை எறிவார்கள் என்று பயம் இருந்தால் மூடியை மட்டும் கழற்றி வாங்குங்கள், மூடி இல்லாத போத்தல் தூரம் போகாது. தடை இருந்தால் ரிக்கெட்டின் முன்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடியுங்கள். வாசலில் டோக்கன் போட்டு வாங்குங்கள், பெண்களின் வரிசைக்குப் பெண் காவலாளியை நிறுத்துங்கள், மேடைக்கு இரண்டு பக்கமும் தண்ணித் தாங்கி வையுங்கள்.